வாசல்ல துரை படுத்திருக்காரு

…கண்ணாடிக்குள்ள தண்ணி ஏறுச்சுன்னா அதுக்குக் கண்ணாடி என்ன தம்பி பண்ணும்? உன் மீசையக் கேளு! ஆமா, மீசையத்தான் சொல்றேன். மூக்குக்குக் கீழ இவ்ளோ பெரிய புதர வளத்து வெச்சுக்கிட்டு, ரப்பர் ஒட்டல, ரப்பர் ஒட்டலன்னா? ரப்பர் தோல்லதான் ஒட்டும், புதர்ல ஒட்டாது. முப்பத்தோரு வருஷமா இந்த சான் கிறிஸ்தோபல் தீவுல கடல்ல முங்குறவங்களுக்குக் கண்ணாடி, மூச்சுக் குழாய், காலுக்குப் போடுற துடுப்பு, ரப்பர் சட்ட, எல்லாம் வாடகைக்கு விடுறேன். ஒரு ஆமையாவது வந்து ‘தார்ஹேலியாம்மா, உங்க கண்ணாடி ஒழுகுது’ன்னு சொல்லிருக்கா? மீசைக்காரனுங்கதான் சொல்லுவானுங்க. வாசலின் தடவிக்கோன்னு டப்பாவக் குடுத்தேனா இல்லியா? குடுத்தேன். எங்க தடவுன? …உதட்டுல! உதடு வெடிச்சிருக்குன்னா நான் குடுத்தேன்? மீசையில தடவணும் சாமி, மீசையில!

என் புருஷன் எஃப்ராயினுக்கும் இதே மீசதான். போய்ச் சேந்துட்டாரு. நல்ல மனுஷன், மீசையத் தவிர. இருபது வருஷம் லாஞ்சு ஓட்டினாரு, ஒரு சுத்தியல்தலைச் சுறாவக் கண்ணால பாத்ததில்ல. முங்கினா அரை நிமிஷத்துல மூக்கால தண்ணி குடிச்சிட்டு மேல வந்துடுவாரு. ஒரு நாளு ரோஷம் வந்து மீசைய வழிச்சுட்டாரு. வழிச்சுட்டு நேரா லியோன் தோர்மீதோ பாறைக்குப் போயி குதிச்சாரு. அன்னிக்குன்னு பாத்து முப்பது சுறா வந்துச்சாம், மனுஷன் தண்ணிக்குள்ளயே அழுதாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நிக்கிறாரு, எனக்கு யாருன்னே தெரியல! மேல் உதடே இல்ல தம்பி அவருக்கு! பதினோரு வருஷம் குடும்பம் நடத்தினது மேல் உதடு இல்லாத ஆளுகூடன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. திரும்ப மொளைக்கிற வரைக்கும் நான் செவுத்தப் பாத்துத்தான் படுத்தேன்.

இரு, இரு, வாடகைக்கு அடமானமா வாங்கி வெச்ச உன் அடையாள அட்டையத்தான் தேடிக்கிட்டிருக்கேன். கை தேடுது, வாய் பேசுது, ரெண்டும் வேற வேற வேல. மூணு மணி லாஞ்சு, தெரியும்ப்பா, இதோட நாலு தடவ சொல்லிட்ட. எனக்கும் மூணு மணிதான். நீ லாஞ்சப் புடிக்கணும், நான் சர்ச்சுக்குப் போகணும். பின்ன, இந்தத் தங்கக் கலர் கவுனப் போட்டுக்கிட்டு, இந்த ஆணி மாதிரி குதிகால் செருப்புல ஏறி நின்னுக்கிட்டு, தெனம் கடை நடத்துறேன்னா நெனச்ச? இன்னிக்கு என் பொண்ணு நார்சிசாவுக்குக் கல்யாணம்! ஒரே பொண்ணு! பாதிரியார் கண்டிஷனா சொல்லிட்டாரு, மேல மலையூர்ல ஒரு ஞானஸ்நானம் இருக்கு, மூணாவது மணி அடிச்சதும் ஆரம்பிச்சுடுவேன், எவளுக்காகவும் நிக்க மாட்டேன்னு. ‘எவளுக்காகவும்’னு சொல்லும்போது என்னையே பாத்தாரு.

எல்லாம் உன்னாலதான் தம்பி, சொல்றேன்னு கோவிச்சுக்காத. ஊரே சர்ச்சுக்குப் போயாச்சு. கேக்க பிக்கப்புல ஏத்தியாச்சு. என் கைப்பைய கேக்குக்குப் பக்கத்துல வெச்சாச்சு, போன் அதுல, பெரிய ஷட்டரோட சாவி அதுல. ஒரு கால பிக்கப்புல வெக்கிறேன், நீ வந்து நிக்கிற. அட்டையக் குடுங்கன்னு கேட்டியா, சரி. குடுத்துட்டுப் போயிருப்பேன். கண்ணாடி ஒழுகுதுன்னியே! என் கண்ணாடிய ஒழுகுதுன்னு சொன்னவன அப்படியே விட்டுட்டு நான் எப்படி சர்ச்சுல மண்டி போடுறது? மனசு ஆறுமா? ‘நீங்க போங்கடா, ரெண்டு நிமிஷத்துல நடந்தே வரேன்’னு பிக்கப்ப அனுப்பிட்டு, இந்தச் சின்னக் கதவத் தெறந்து உள்ள வந்தேன். அந்த ரெண்டு நிமிஷம்தான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

…கேட்டுச்சா? மணி. இது மொத மணி. பரவால்ல, இன்னும் ரெண்டு இருக்கு.

எங்க வெச்சேன் அட்டைய… கீத்தோ ஊர்க்காரன், கீத்தோ ஊர்க்காரன்… உங்க ஆளுங்க எல்லாருமே இப்படித்தான் வரீங்க தம்பி. நாலு நாள்ல மூணு தீவு! இசபெலாவுல எறங்குறது, பென்குயினப் பாத்து ஒரு முங்கு. சாந்தா குரூஸ்ல எறங்குறது, ஆமையப் பாத்து ஒரு முங்கு. இங்க எறங்குறது, சுறாவப் பாத்து ஒரு முங்கு. நடுவுல லாஞ்சுல ரெண்டு மணி நேரம் ஒருத்தர் மடியில ஒருத்தர் வாந்தி. இதுக்குப் பேரு ஊர் சுத்துறது! நீ வந்தன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேனே, பச்சக் காயாட்டம் இருந்துச்சு. அதோட விட்டியா? தீவு விட்டு தீவு பழம் கொண்டு போகக்கூடாதுன்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும். ஒரு ஆரஞ்சப் புடுங்கிட்டாங்கன்னு இந்தக் கடையில வந்து அரை மணி நேரம் ஒப்பாரி வெச்ச. அம்மா குடுத்தனுப்பின ஆரஞ்சாமே. அம்மா குடுத்தா மட்டும் அதுல பூச்சி இருக்காதா?

ஆங்! கெடச்சிருச்சு! வாசலின் டப்பாவுக்கு அடியிலயே இருந்திருக்கு. இந்தா. போட்டோவுல மீச இல்லாம எவ்ளோ லட்சணமா இருக்க பாரு! சரி, ஓடு. மகராசனா போயிட்டு வா. நானும் இதோ…

நில்லு! நில்லு நில்லு நில்லு! கால எடுக்காத! எடுக்காதன்னா எடுக்காத!

…கீழ பாரு.

போச்சு. துரை வந்து படுத்துட்டாரு.

அய்யோ கடவுளே, இன்னிக்கா, இப்பவா! பெருசா இல்ல, பாத்துக்கோ, கல்யாணப் பந்திக்கு வெச்ச அண்டாவுக்குக் கண்ணும் மீசையும் முளைச்ச மாதிரி! ஆமா, கடல்சிங்கம்தான், கடா. ஊர்ல அவருக்கு துரைன்னு பேரு. ஒரு வேல செய்ய மாட்டாரு, எல்லார் மேலயும் அதட்டல். தாண்டுறதா? நீ தாண்டுவ, துரை விடணுமே! போன வருஷம் சிலே நாட்டுலேருந்து வந்த ஒரு பெரிய மனுஷன், ஏதோ வக்கீலாம், தாண்டினாரு. பின்பக்கத்துல பதினோரு தையல். ஊருக்குப் போற வரைக்கும் லாஞ்சுல நின்னுக்கிட்டே போனாரு. அது கெடக்கட்டும், ரெண்டு மீட்டர் சட்டம் இருக்கே! மிருகத்துக்கிட்டேருந்து ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கணும். இந்தக் கடையே மூணு மீட்டர்தான். சட்டப்படி பாத்தா நாம ரெண்டு பேரும் இப்ப அந்த ரப்பர் சட்டைங்களுக்குள்ள போயி நிக்கணும். வா இப்படி. சட்டைங்க நாறுதா? அது கடல் நாத்தம் இல்ல தம்பி. தண்ணி ஜில்லுன்னு இருந்தா எல்லாரும் உள்ளயே ஒண்ணுக்குப் போறீங்க, சூடா இருக்கும்னு. நீ போகலியா? மீசை வெச்சவன் பொய் சொல்லக்கூடாது.

கத்தினா எந்திரிக்க மாட்டாரு. எஃப்ராயின் செத்தப்ப இந்த வாசல்லதான் அழுதேன், அப்போ பக்கத்து வாசல்ல கெடந்தாரு, அதுக்கே எந்திரிக்கல… என்னாது? தொடப்பமா? அய்யோ சாமி, கீழ போடு, தொடப்பத்தக் கீழ போடு! எவனாவது பாத்தான்னா தொலஞ்சோம்! இந்தத் தெருவுல தொடப்பத்தோட துரைக்குப் பக்கத்துல நின்ன ஆளு என்ன கதி ஆனான்னு உனக்குத் தெரியாது.

பக்கத்துக் கடை இருக்கே, நீலப் பலக போட்டு, ஆங், ஒல்மேதோ கடை. அவனும் இதே வியாபாரம்தான். கண்ணாடி, குழாய், துடுப்பு, மேலதிகமா ரெண்டு படகு. அவன் கண்ணாடியப் போட்டா மீச இல்லாதவனுக்கும் ஒழுகும். ஆனா பாரு, அப்போ இந்த துரை அவன் வாசல்லதான் படுத்திருப்பாரு. வர்றவன் போறவன் எல்லாம் நின்னு போட்டோ எடுப்பான். எடுத்துட்டு சும்மா போவானா? உள்ள எட்டிப் பாப்பான். பாத்தா ஒரு ஜோடி துடுப்பு எடுப்பான். எனக்கு ஈ ஓட்டுறதே பொழப்பாப் போச்சு. ஒரு நாளு ஒல்மேதோ தொடப்பத்த எடுத்துக்கிட்டு துரைக்குப் பக்கத்துல நிக்கிறான். மணலத்தான் கூட்டினேன்னு அவன் சொன்னான். துரையைத்தான் தள்ளினான்னு… எவனோ ஒருத்தன், எவன்னு தெரியல, போட்டோ புடிச்சு, மிருகங்களப் பாத்துக்குற பூங்கா ஆபீஸ்ல மனு குடுத்துட்டான். பேரு போடாத மனு. மூணு மாசம் கடைய மூடச் சொல்லிட்டாங்க. சரியா கூட்டம் வர்ற மூணு மாசம். அந்தப் படகுல ஒண்ண அவன் அப்பத்தான் வித்தான்.

அந்த நேரத்துலதான் துரையும் அவரா எந்திரிச்சு என் வாசலுக்கு வந்துட்டாரு. ஏன்னா நான் என்னத்தக் கண்டேன்? ராசி! மொதல்ல எனக்கு சந்தோசம்தான். அப்புறம்தான் தெரிஞ்சுது. நாத்தம்னா நாத்தம், மீன் மார்க்கெட்ட வாயில போட்டு மென்ன மாதிரி. தும்முவாரு, அது நேரா கல்லாப்பெட்டியில வந்து விழும். போட்டோ எடுக்க நூறு பேரு வரான், ஆனா துரையத் தாண்டி உள்ள வரத்தான் ஒருத்தனுக்கும் தைரியமில்ல. அவன் கடையில அவரு ஓரமாப் படுத்தாரு. என் கடையில குறுக்கப் படுக்குறாரு.

…ரெண்டாவது மணி! கேட்டியா! ரெண்டாவது மணி அடிச்சிருச்சு! இன்னும் கால் மணி நேரம். உன் போன் எங்க, குடு, ஒரு போன் போடுறேன்… ஆமா, கடல்ல போட்டுட்டன்னு சொன்ன. ஆமையப் படம் புடிக்கப் போயி ஆமைக்கே குடுத்துட்டு வந்திருக்க. இப்ப அது எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு போன் பண்ணி விசாரிக்கப் போகுதா?

எங்க நார்சிசா அழுவா தம்பி. வெளிய காட்டிக்க மாட்டா, ஆனா அழுவா. அவ பெரிய ஆளு தெரியுமா? ஜனங்கள கடலுக்குக் கூட்டிட்டுப் போயி, தண்ணியில எறக்கி, சுறா காட்டி, ஆமை காட்டி, எறக்கின அத்தன பேரையும் உசுரோட ஏத்தணும். அது வெளையாட்டில்ல. தண்ணிக்குள்ள இருந்து அவ தலைய எண்ணுவா. படகுமேல இருந்து படகுக்காரன் எண்ணுவான். அந்தப் படகுக்காரன்தான் மாப்ள, வாஷிங்டன். ஒரு நாளு பத்துப் பேர எறக்கினாங்க. இவ எண்ணினா பத்து. அவன் எண்ணினா பதினொண்ணு. இவ திருப்பி எண்ணினா, பத்து. அவன் திருப்பி எண்ணினான், பதினொண்ணு. ‘உனக்குக் கணக்குத் தெரியாதாடா’ன்னு இவ தண்ணிக்குள்ள இருந்து திட்ட, ‘உனக்குக் கண்ணு தெரியாதாடி’ன்னு அவன் மேல இருந்து திட்ட, அந்த பதினோராவது தல படகேறி வந்து சீட்டுல உக்காந்துக்கிச்சு. கடல்சிங்கக் குட்டி! சீட்ட விட்டு எறங்க மாட்டேன்னுருச்சு. தொடக்கூடாது, தள்ளக்கூடாது. அது எறங்குற வரைக்கும் நாலு மணி நேரம் அந்தப் பத்துப் பேரும் நடுக்கடல்ல நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்க, இதுங்க ரெண்டும் பேசிக்கிட்டே இருந்திருக்குங்க. வேற என்ன, கல்யாணம்தான்.

அந்த வாஷிங்டன் யார் புள்ளன்னு நெனக்கிற? …கரெக்ட். ஒல்மேதோ புள்ள. ஏன் சிரிக்கிற? எனக்கு வயித்தெரிச்சல், உனக்குச் சிரிப்பு!

என்ன அங்க பாக்குற? பின்னாலயா? அது… அது கதவில்ல தம்பி. கதவுதான், ஆனா கதவில்ல. தெறக்காத. தெறக்காதேன்னா! தாப்பாள் இறுகிப் போகல, நல்லாத் தெறக்கும், நேத்துதான் எண்ணெ போட்டேன். ஆனா நான் அந்தப் பக்கம் வர மாட்டேன். அது அவன் முற்றம். ஒல்மேதோ முற்றம். அதுல பத்தடி நடந்தா தெரு, தெருவுல எறங்குனா உனக்கு லாஞ்சுத் துறை, எனக்கு சர்ச்சு. தெரியுது, எனக்கும் தெரியுது! மொதல்லயே ஏன் சொல்லலன்னு கேக்குறியே, எப்படிச் சொல்றது?

சத்தியம் பண்ணிருக்கேன் தம்பி. மீன் எறக்குற எடத்துல, அத்தன பெலிகன் பறவைங்க முன்னாலயும், அத்தன பொம்பளைங்க முன்னாலயும். கடைய மூடின மறுநாளு அவன் வந்து என் மூஞ்சிக்கு நேரா கேட்டான், ‘தார்ஹேலியா, மனு குடுத்தது நீதான?’ன்னு. என் கையில ஒரு சூரை மீனு. அதத் தூக்கிப் புடிச்சு சத்தியம் பண்ணேன், ‘நான் குடுக்கல! என்னைய சந்தேகப்பட்ட உன் மண்ணுல என் காலு படாது! என் பொண்ணுக்குக் கல்யாணமே நடந்தாலும் படாது!’ன்னு. அப்போ அதுங்க ரெண்டும் நாலு மணி நேரம் பேசி முடிச்சிருந்த விஷயம் எனக்குத் தெரியாதே! ஒரு பொம்பள சூரை மீனத் தூக்கி சத்தியம் பண்ணா, இந்த ஊர்ல அது எழுதிக் குடுத்த மாதிரி. பாதியில ஒரு பெரிய கடல் பறவ வந்து அந்த மீனக் கொத்திக்கிட்டுப் போயிருச்சு. இருந்தாலும் சத்தியம் சத்தியம்தான்.

விருந்தா? விருந்தும் அந்த முற்றத்துலதான். வேற எடம் ஏது? பாரு, மேசைய எல்லாம் போட்டு வெச்சிருக்கான், காகிதப் பூவெல்லாம் தொங்க விட்டிருக்கான். நான் இந்த வாசப்படி மேல ஒரு நாற்காலி போட்டு உக்காந்துப்பேன். தட்ட நீட்டச் சொல்லிருக்கேன். பன்னிக்கறியும் வாழக்கா வறுவலும் எட்டி வாங்கிப்பேன். டான்ஸ் ஆடணும்னா இங்கயே, இந்த ரப்பர் சட்டைங்களோட ஆடிப்பேன். எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. இதுக்குத்தான் நேத்து எண்ணெ போட்டது.

நீ போ தம்பி. உனக்கு என்ன சத்தியமா, சாங்கியமா? போ. நான் இங்கயே துரைகூட உக்காந்துக்குறேன். மணிச் சத்தத்துல தெரியும்ல, மூணாவது அடிச்சா ஆரம்பிச்சிட்டாங்கன்னு, அப்புறம் ஒரு பெரிய மணி அடிச்சா முடிஞ்சிடுச்சுன்னு. பாதிக் கல்யாணம் கேட்ட மாதிரிதான…

…என்ன சொன்ன?

திரும்பச் சொல்லு. நான் என்னன்னு சத்தியம் பண்ணேன்? ‘என் காலு படாது.’ ஆமா. காலு. …காலுதான் சொன்னேன். வேற எதையும் சொல்லல. அட படுபாவி! கீத்தோவுல வக்கீலுக்கா படிக்கிற? கொண்டா அந்தத் துடுப்ப! அந்த மஞ்ச ஜோடிய, மேல் அலமாரியில! அது இல்ல, அது கொழந்தைங்களுது! ஆங், அதான்!

இந்தச் செருப்பப் புடி. கவுன இடுப்புல சொருகிக்கிறேன், அந்தப் பக்கம் திரும்பு. இத எப்படி… உள்ள போக மாட்டேங்குது… சோப்புத் தண்ணி… ம். தள்ளு. இன்னும் தள்ளு. போயிருச்சு! முப்பத்தோரு வருஷத்துல மொத மொறையா துடுப்பு போடுறேன் தம்பி, யாருகிட்டயும் சொல்லாத. எனக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல கடல் தண்ணி பட்டதில்ல. ‘சுறா எப்படி இருக்கும்’னு கேக்குறவங்களுக்கு எஃப்ராயின் சொன்னதத்தான் நான் பாத்த மாதிரி சொல்லுவேன்.

முன்னால நடந்தா தடுக்கி விழுவேன். வர்றவனுக்கெல்லாம் நானே சொல்லித் தர்றதுதான், துடுப்பு போட்டா தரையில பின்னாலதான் நடக்கணும். நான் பின்னால வரேன், நீ என் முதுகுப் பக்கம் நின்னு கையப் புடிச்சு இழு. அதுவும் நல்லதுதான், அவன் முற்றத்த என் மூஞ்சி பாக்க வேணாம். புடி. மெதுவா. ஆங்… ஒண்ணு… ரெண்டு… படாது, படாது, ரப்பர்தான் படுது… மேசை இருந்தா சொல்லு. வலதா? யாரு வலது, என் வலதா உன் வலதா?

எதுக்குக் கைய விட்ட? …ம், சரி. பைய மாத்திக்கிட்டியா? நல்லாப் புடி. இப்பத்தான் கெட்டியாப் புடிக்கிற, மொதல்ல சும்மா பூனக்குட்டியப் புடிக்கிற மாதிரி புடிச்ச.

தம்பி, ஒண்ணு சொல்லட்டுமா? நீ எப்படியும் லாஞ்சு ஏறிப் போகப் போற, இனிமே இந்தப் பக்கம் வரப் போறதில்ல. யாருகிட்டயாவது சொல்லலன்னா எனக்கு சர்ச்சுல மூச்சு அடச்சுரும். அந்த மனு… நான்தான் குடுத்தேன். ஆமா. நான்தான். அவன் மணலத்தான் கூட்டினான். பாத்துக்கிட்டேதான் இருந்தேன். தொடப்பம் துரைக்குப் பக்கத்துல வர்ற வரைக்கும் காத்திருந்து புடிச்சேன் போட்டோ. துரை ராசியில வரலப்பா. அவன் கடைய மூடின மறுநாளே நான் என் வாசல்ல ஒரு பாயப் போட்டு, தெனம் மூணு வேள தண்ணி ஊத்தி ஜில்லுன்னு வெச்சேன். பத்து நாளு. பதினோராவது நாளு வந்து படுத்தாரு. வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டு, குத்துதே கொடையுதேன்னா? இன்னிக்குக் காலையில, பொண்ணு கல்யாணத்தன்னிக்கு, தூக்கக் கலக்கத்துல பழக்கதோஷத்துல அந்தப் பாயில தண்ணி ஊத்தினதும் நான்தான்.

அவன் படக வித்தான்னு சொன்னேன்ல? வித்தன்னிக்கு முற்றத்துல தனியா உக்காந்திருந்தான். இந்தக் கதவு இடுக்கு வழியா பாத்தேன். சொல்லிடலாம்னு தாப்பாள் மேல கைய வெச்சேன். ஆனா அந்த மீன் சத்தியம்… நான் கெட்டவ இல்ல தம்பி. வெக்கம். வெக்கம் தின்னுருச்சு என்ன.

அய்யோ! அங்க பாரு! கடைக்குள்ள பாரு, முன் வாசல்ல! துரை எந்திரிக்கிறாரு! எந்திரிச்சிட்டாரு! நகர்றாரு… கடல் பக்கம் போறாரு… வாசல் காலி! போயிரலாமா? திரும்ப உள்ள போயி, முன்னாலயே, மானமா, என் வாசல் வழியா…

…வேணாம். பாதி வந்தாச்சு. நட.

ஏன் தம்பி பேசவே மாட்டேங்குற? கை இப்படிச் சொரசொரங்குது, நீ கம்ப்யூட்டர் வேல பாக்குறவன்னுதான சொன்ன? நங்கூரக் கயிறு இழுக்கிறவன் கை மாதிரி… அதோ, தெருவுல எவனோ ஓடுறான். என் வாசலத் தாண்டி. பைய மாட்டிக்கிட்டு, இன்னொரு கையில என் செருப்பு… மீச வெச்சிருக்கான்… டேய்! டேய், அது நீயில்லியா? செருப்ப வெச்சுட்டுப் போடா!

…அப்போ இந்தக் கை?

…

எப்பத்துலேருந்து நிக்கிறீங்க?

நார்சிசா அனுப்பினாளா? …நீங்களாவா? மாப்ளையோட அப்பா பீடத்துக்கிட்ட நிக்காம இங்க… கேட்டீங்களா, நான் சொன்னத? எல்லாத்தையுமா?

…தெரியுமா? மொதல்லருந்தேவா? எப்படி? …வெரலா? போட்டோவுல என் வெரலா? அய்யோ, நான் எந்தப் போட்டோ எடுத்தாலும் ஓரத்துல ஒரு வெரல் விழுந்துரும்! அந்த மனுவுல என் மோதிரத்தோட வெரல் இருந்துச்சா! ஒரு வருஷமா அத வெச்சுக்கிட்டா சும்மா இருந்தீங்க? தெரிஞ்சுமா என் பொண்ண எடுக்குறீங்க? …சிரிக்காதீங்க. சிரிச்சீங்கன்னா நான் இங்கயே உக்காந்துருவேன்.

மூணாவது மணி. அடிக்குது.

நான் திரும்ப மாட்டேன். திரும்பி உங்க மூஞ்சியப் பாத்தா அழுதுருவேன், மையெல்லாம் கரஞ்சுரும். துடுப்பக் கழட்டவும் மாட்டேன், சத்தியம்னா சத்தியம், சர்ச்சு வாசல்ல கழட்டிக்கலாம். ஊரு பாத்தா பாக்கட்டும். நீங்க பாட்டுக்கு இழுங்க, நான் பின்னாலயே வரேன். எதுனா திட்டுறதுன்னா போற வழியிலயே திட்டிருங்க. அங்க புள்ளைங்க முன்னால வேணாம்.

கைய மட்டும் விட்ராதீங்க, சம்பந்தி.